கொள்ளை மலிவும் கொள்ளை விலையும்: பேரங்காடிகளின் போட்டியும் தீவு மக்களும்

(அந்தமான் – நிகோபார் தீவுகளின் தலைநகரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதார நூல்களில் 'பிரிடேட்டரி பிரைசிங்' என்றொரு தொடர் அடிக்கடி வரும். போட்டியாளரைச் சந்தையிலிருந்து ஒழிப்பதற்காக அடக்க விலைக்கும் கீழே பொருளை விற்பதற்கு அப்பெயர். அத்தொடரின் லத்தீன் வேர்ச்சொல் கொள்ளைப் பொருளைக் குறிப்பது. ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கொள்ளை விலை' என்று எழுதினால், நம் வாசகர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். நம் வழக்கில் கொள்ளை விலை என்பது அநியாயமாக உயர்ந்த விலை. குறைந்த விலையைச் சொல்ல நம்மிடம் வேறு இரண்டு தொடர்கள் உள்ளன. வாங்குவோருக்குக் கிடைப்பது 'கொள்ளை மலிவு'. விளைவித்தவர் வேறு வழியின்றி விற்பது 'அடிமாட்டு விலை'.

இம்மூன்று தொடர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பெருவணிக நிறுவனங்களின் போட்டி முறை முழுவதும் அவற்றில் அடங்கியிருப்பது தெரியும். உற்பத்தியாளரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவது, நுகர்வோரிடம் கொள்ளை மலிவு என்று அறிவிப்பது, எதிரிகள் விழுந்தபின் கொள்ளை விலைக்கு ஏற்றுவது. இந்த மூன்று கட்டங்களையும், அவை இத்தீவுகளில் எவ்வாறு செயல்படக்கூடும் என்பதையும் இன்று பார்ப்போம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

வகுப்பு தொடங்குமுன் ஒரு தோழர் கேட்டார்: "பெரிய கடையில் பருப்பு பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தால், உழைக்கும் குடும்பத்துக்கு நல்லதுதானே? அதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?" இது நேர்மையான கேள்வி. முழக்கத்தால் இதற்கு விடை சொல்லிவிட முடியாது. அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மலிவுக்கு நான்கு ஊற்றுகள் உண்டு. முதலாவது, அமைப்பு முறையின் சிக்கனம். டி-மார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனம் 2002இல் மும்பையில் முதல் கடையைத் திறந்தது. 2025 மார்ச்சில் அதற்கு 415 கடைகள் இருந்தன. அவ்வாண்டின் விற்பனை 57,000 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பாலான கடைகளைச் சொந்தக் கட்டடத்தில் நடத்துவதால் வாடகைச் சுமை குறைகிறது. சரக்கு அனுப்புவோருக்கு விரைவாகப் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக விலைக் கழிவு பெறுகிறது. அலங்காரம் குறைவு. விரைவில் விற்றுத் தீரும் பொருள்களே அடுக்குகளில் அதிகம். ஒரே பணம் ஆண்டில் பலமுறை சுழல்வதால், ஒரு பொருளில் சிறு இலாபம் வைத்தாலும் மொத்த இலாபம் பெருகுகிறது. இந்தச் சிக்கனத்தில் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. பொது விநியோகக் கிடங்கும் கூட்டுறவுக் கடையும் இதைச் செய்யக் கூடாது என்று எந்த மார்க்சிய நூலும் சொல்லவில்லை.

இரண்டாவது ஊற்று, வாங்கும் வலிமை. ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே கையால் கொள்முதல் செய்பவர், உற்பத்தியாளரிடம் விலையை ஆணையிடுகிறார். இதில் பன்னாட்டு நிறுவனமும் நெருக்கப்படும், சிறு அரவை ஆலையும் நெருக்கப்படும். பன்னாட்டு நிறுவனம் தாங்கிக்கொள்ளும். அரவை ஆலை தன் தொழிலாளியின் கூலியில் கைவைக்கும். ஆலைக்குப் பயறு தரும் உழவருக்கு அடிமாட்டு விலை.

மூன்றாவது, கடைத் தொழிலாளியின் உழைப்பு. ஒப்பந்த முறை, நீண்ட வேலை நேரம், நாள் முழுதும் நிற்கும் வேலை. கடை ஊழியர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்பதற்குக்கூடத் தனிச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் அத்திருத்தத்தைக் கொண்டுவந்தன.

நான்காவது, வேறிடத்திலிருந்து வரும் பணம். பங்குச் சந்தையிலிருந்தோ, அந்நிய முதலீட்டு நிதியங்களிலிருந்தோ, பெட்ரோலிய இலாபத்திலிருந்தோ கொண்டுவந்த பணத்தை எரித்து ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் விற்பது. தெருமுனைக் கடைக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இதனோடு போட்டியிட முடியாது. இங்கே மோதுவது திறமையன்று, நிதி மூலதனம்.

எனவே தோழரின் கேள்விக்கு விடை இது: முதல் ஊற்றிலிருந்து வரும் மலிவு மக்களுக்கு உரியது, அதைக் கேட்டுப் பெறுவோம். இரண்டாவதும் மூன்றாவதும் இன்னொரு உழைப்பாளியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. நான்காவது திருப்பி வசூலிக்கப்படும் கடன்.

போட்டி ஏகபோகத்தைப் பெறுகிறது

போட்டி என்னும் போரில் பண்டங்களை மலிவாக்குவதே ஆயுதம் என்றும், பெரிய மூலதனம் சிறியதை வீழ்த்துகிறது என்றும் 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். மூலதனம் ஒரு சிலர் கையில் மையப்படுவதற்குப் போட்டியும் கடனும் இரண்டு நெம்புகோல்கள் என்பது அவரது முடிவு. இதற்கு நம் நாட்டுச் சில்லறை வணிகத்தைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1996இல் ஆர்.பி.ஜி. குழுமம் சென்னையில் 'ஃபுட்வேர்ல்ட்' கடையைத் திறந்தது. அடுத்த ஆண்டு திருவான்மியூரில் 'சுபிக்ஷா' தொடங்கியது. குளிர்சாதனம் இல்லை, பகட்டு இல்லை, விலை குறைவு என்பதே அதன் உத்தி. அந்த அளவில் நின்றிருந்தால் நிலைத்திருக்கக்கூடும். ஆனால் பெருங்குழுமங்கள் களத்தில் இறங்கும் முன்பே நாடு முழுதும் இடம்பிடிக்க வேண்டும் என்ற பந்தயத்தில், கடன் வாங்கி ஏறத்தாழ 1,600 கடைகள் வரை பெருக்கியது. 2008இன் உலக நெருக்கடியில் கடன் வறண்டது. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஊதிய பாக்கியோடு தெருவுக்கு வந்தவர்கள் அதன் ஊழியர்கள்.

2001இல் தொடங்கிய 'பிக் பஜார்' அதே வழியில் இன்னும் பெரிய அளவில் சென்றது. அதன் தாய்க் குழுமமான ஃபியூச்சர் கடனில் மூழ்கியபோது, 2020 ஆகஸ்டில் தன் சில்லறை வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்சுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. முந்தைய ஆண்டிலேயே ஃபியூச்சர் குழும நிறுவனமொன்றில் பங்கு வாங்கியிருந்த அமேசான் இதை எதிர்த்தது. சிங்கப்பூர் நடுவர் மன்றம், டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், போட்டி ஆணையம் என்று வழக்குகள் நீண்டன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, வாடகை பாக்கிப்பட்ட கட்டடங்களின் குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்த ரிலையன்ஸ், 2022 பிப்ரவரியில் கடைகளைக் கைக்கொள்ளத் தொடங்கியது. ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் ஒப்பந்தத்தை நிராகரித்தன. ஜூலையில் ஃபியூச்சர் ரீட்டெய்ல் திவால் நடவடிக்கைக்குச் சென்றது. 2024 ஜூலையில் அதைக் கலைத்துவிட ஆணை பிறந்தது. நாட்டின் மிகப்பெரிய கடைத் தொடர்களில் ஒன்றை உலகின் இரு பெருஞ்செல்வர்கள் இழுத்த இழுப்பில், கடைகள் ஒருவருக்குப் போயின. கடன் பொதுத்துறை வங்கிகளுக்கு மிஞ்சியது.

இன்று ரிலையன்ஸ் ரீட்டெய்ல் 19,000க்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டது. 2024-25இல் அதன் மொத்த வருவாய் சுமார் 3.3 லட்சம் கோடி ரூபாய். ஜெர்மானிய மெட்ரோ நிறுவனத்தின் இந்திய மொத்த விற்பனைக் கிடங்குகளை 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கும் ஒப்பந்தத்தை அறிவித்து 2023இல் முடித்தது. பழைய 'கேம்ப்பா' குளிர்பானப் பெயரை வாங்கி, பத்து ரூபாய் பாட்டிலாக அதே ஆண்டில் மறுபடி இறக்கியது. அதாவது பொருளும் அவருடையது, மொத்த விற்பனையும் அவருடையது, சில்லறைக் கடையும் அவருடையது, வாடிக்கையாளர் கையிலுள்ள தொலைபேசி இணைப்பும் அவருடையது. தெருக்கடைக்காரர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேரலாம் என்கிறார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குச் சங்கிலியை இழுக்கும் உரிமை கிடையாது.

முன்வாசலும் பின்வாசலும்

2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மன்மோகன் சிங் அரசு அனுமதித்தது. அம்மாதம் 20ஆம் நாள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இடதுசாரிகள் முன்னின்றனர். வணிகர்கள் கடையடைத்தனர். மாநில அரசு விரும்பினால்தான் அனுமதி, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரங்களே பொதுவில் இலக்கு என்ற நிபந்தனைகள் அந்த அனுமதியிலேயே இருந்தன. தமிழ்நாடு அரசும் அன்று மறுத்தது. வால்மார்ட் முன்வாசலில் நுழைய முடியாமல் நின்றது.

பின்னர் பின்வாசல் திறந்தது. 2016இல் இணையச் 'சந்தை மேடை' என்ற பெயரில் நூறு விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மோடி அரசு தெளிவான அனுமதி தந்தது. 2018 மே மாதம் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மேடை அமைப்பவர் தாம் சரக்கு வைத்து விற்கக் கூடாது என்பது விதி. விருப்பமான சில விற்பனையாளர்களை முன்னிறுத்தி அவ்விதியின் நோக்கத்தையே வெறுமையாக்குவதாகப் புகார் எழுந்தது. 2020இல் போட்டி ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் விதிமீறியதாக விசாரணைப் பிரிவு கண்டறிந்த செய்தி வெளிவர 2024 ஆகிவிட்டது. நான்காண்டுகளில் எத்தனை சிறு கடைகள் கதவடைத்திருக்கும் என்பதை உங்கள் ஊர்க் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள்.

இங்கே சட்டத்தின் ஓர் ஓட்டையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அடக்க விலைக்குக் கீழே விற்று எதிரியை ஒழிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் ஏற்கெனவே சந்தையில் 'மேலாதிக்க நிலை' பெற்ற நிறுவனத்தின் மீதே அப்பிரிவு பாயும். 2016 செப்டம்பரில் இலவச அழைப்பும் இலவச இணையமுமாக ஜியோ இறங்கியபோது ஏர்டெல் புகார் செய்தது. ஜியோ புதிதாக வந்தது, மேலாதிக்கம் இல்லை என்று கூறி 2017இல் ஆணையம் புகாரைத் தள்ளியது. மேலாதிக்கத்தை அடைவதற்காகச் செய்யும் செயலுக்கு, மேலாதிக்கம் வந்த பிறகே தடை! அதற்குள் போட்டியாளர் பலர் மறைந்தனர். 2024 ஜூலையில் எஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்திற்குள் கட்டணத்தை உயர்த்தின. கொள்ளை மலிவு எவ்வாறு கொள்ளை விலையாகிறது என்பதற்கு நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் சான்று இருக்கிறது.

தீவின் கணக்கு வேறு

இனி இத்தீவுகளுக்கு வருவோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.8 லட்சம். அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், சோப்பு என்று பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருகின்றன. பருவமழையில் கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறுவது உங்கள் அன்றாட அனுபவம்.

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. தீவு மக்கள் நெடுங்காலமாகக் கேட்ட வசதி, அது வரவேற்கத்தக்கது. அதே வடத்தின் வழியே பெருநிலத்துப் பேரங்காடிகளின் விலைப்பட்டியலும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்துசேர்ந்தது. அபர்தீன் பஜாரில் நிற்பவர் சென்னை விலையைப் பார்க்கிறார். பொருள் கடலைக் கடக்க வேண்டும், விலை கடக்க வேண்டியதில்லை!

பேரங்காடி முறையின் உயிர், சரக்கு விரைந்து சுழல்வது. தீவு வணிகத்தின் உயிர், கப்பல் வராத நாள்களுக்காகச் சரக்கைத் தேக்கி வைப்பது. இவ்விரண்டும் எதிரெதிரானவை. ஆகவே பெருமூலதனம் இங்கு வந்தால் எல்லாத் தீவுகளுக்கும் வராது. அரசு ஊழியரின் மாதச் சம்பளமும் சுற்றுலாப் பயணியின் செலவும் குவியும் தலைநகருக்கு மட்டும் வரும். பாலாடையை எடுத்துக்கொண்டு மோரை விட்டுவிடும்.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர், ஹட்பே, கமோர்த்தா, கேம்ப்பெல்பே ஆகிய இடங்களின் கடைகளுக்குச் சரக்குத் தருபவர்கள் பெரும்பாலும் தலைநகரின் மொத்த வணிகர்கள். அவர்கள் தலைநகர விற்பனையில் ஈட்டுவதைக் கொண்டே வெளித்தீவுக் கடைக்குத் தவணை தருகிறார்கள், கப்பல் தாமதத்தின் நட்டத்தையும் தாங்குகிறார்கள். தலைநகர விற்பனையை அவர்களிடமிருந்து பறித்தால், அவர்கள் முதலில் நிறுத்துவது வெளித்தீவுக்கான தவணையைத்தான். தலைநகரில் பத்து ரூபாய் குறையும் பருப்பு, கேம்ப்பெல்பேயில் இருபது ரூபாய் கூடலாம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பத்துக்கு, தலைநகரின் தள்ளுபடி விளம்பரத்தால் என்ன பயன்? ஒரு நகரத்து நுகர்வோரின் நன்மையை மட்டும் கணக்கிடும் பொருளாதாரம் இதைக் காணாது. நாம் காண வேண்டும்.

சிறுவணிகருக்கு நாம் வால் அல்லர்

இவ்வளவு சொன்னதால், இருக்கும் கடைத்தெருவை அப்படியே காப்பதுதான் கட்சியின் நிலைப்பாடு என்று கொள்ள வேண்டாம். கப்பல் தாமதமாகும் செய்தி வந்தவுடன் பழைய சரக்கின் விலையை உயர்த்துவோரும் கடைத்தெருவில் உண்டு. பற்றுப் புத்தகம் ஏழைக்குத் துணை, அதுவே கட்டும் கயிறும்கூட. வேறு கடைக்குப் போக முடியாதபடி கடன் கட்டிப்போடுவதை, கங்காணிக் கடனில் தேய்ந்த முன்னோரைக் கொண்ட தோட்டக் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சிறு கடையில் வேலை பார்க்கும் இளைஞருக்கு நியமன ஆணை இல்லை, வார விடுமுறை இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை என்ற நிலையை, முதலாளி சிறியவர் என்பதற்காக நாம் மன்னித்துவிட முடியாது.

ஏகபோகத்துக்கு எதிராகச் சிறுவணிகர் நம் நேச சக்தி. கடைத் தொழிலாளி நம் வர்க்கம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், வணிகர் சங்கத்தின் கடையடைப்புக்கு ஆள்சேர்க்கும் அமைப்பாகக் கட்சி சுருங்கிவிடும். பொருளை வீடுதோறும் கொண்டுசெல்லும் விநியோகத் தொழிலாளியும் இதே வர்க்கத்தின் புதிய பிரிவு. 2023 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் தொழிலாளர்கள், ஒரு விநியோகத்துக்கான தொகை குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். பத்து நிமிட வேகத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதை அவர்கள் நாட்டுக்குக் காட்டினர்.

மாற்று உண்டு, அதற்கும் ஒழுங்கு வேண்டும்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத் தொழிலாளர்கள் 1844இல் தமக்கெனக் கூட்டுறவுக் கடை திறந்தனர். அந்த முன்மாதிரியில் சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நிகோபாரில் கொப்பரை வணிகம் வெளியிலிருந்து வந்த ஓரிரு வணிக நிறுவனங்களின் பிடியில் இருந்த காலமொன்று உண்டு. அப்பிடிக்கு மாற்றாக எழுந்தவை எல்லோன் ஹினெங்கோ போன்ற நிகோபாரியரின் கூட்டுறவு அமைப்புகள். மக்கள் தமக்காகத் தாமே வாங்கி விற்பது இத்தீவுகளுக்கு அந்நியமான கருத்தன்று.

கேரளத்தின் சப்ளைகோ 1974இல் தொடங்கப்பட்டது. அதன் மாவேலிக் கடைகளில் பதின்மூன்று இன்றியமையாப் பொருள்களை மானிய விலையில் விற்று, வெளிச்சந்தை விலையையும் கட்டுக்குள் வைத்தது. அதன் வெற்றியோடு இடர்ப்பாட்டையும் படிக்க வேண்டும். கொள்முதல் விலை உயர, விற்பனை விலை மாறாதிருக்க, இடைவெளியை ஈடுகட்டும் பணம் உரிய நேரத்தில் வராமற்போகவே, சரக்கு தருவோருக்குப் பாக்கி சேர்ந்தது. 2023இல் அடுக்குகள் பல வெறுமையாயின. 2024 தொடக்கத்தில் நிலையான விலை என்பதைக் கைவிட்டு, வெளிச்சந்தையைவிட 35 விழுக்காடு குறைவு என்று மாற்றினர். பொதுத்துறைக் கடைக்கும் கணக்கு உண்டு. சரக்கு தருவோருக்கு விரைவாகப் பணம் தருவதில்தான் டி-மார்ட்டின் வலிமை இருக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், நம் கூட்டுறவுகள் எங்கே சறுக்குகின்றன என்பது விளங்கும்.

நம் கடமைகள்

இத்தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், இங்கே துணைநிலை ஆளுநரின் நிர்வாகம். எனவே கோரிக்கைகளை இரு முனைகளில் பிரித்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு சரக்குக் கப்பல் வரவின்போதும் இன்றியமையாப் பொருள்களின் பெருநில விலை, கப்பல் கட்டணம், இறங்கு விலை ஆகியவற்றைத் துறைமுகத்திலும் சந்தையிலும் அறிவிக்க வேண்டும். விலையேற்றத்தில் எவ்வளவு கடலுக்கு, எவ்வளவு கடைக்காரருக்கு என்பதை மக்கள் அறியட்டும். நியாயவிலைக் கடையில் பருப்பும் சமையல் எண்ணெயும் சேர வேண்டும். வெளித்தீவுக் கடைகளும் கூட்டுறவுகளும் இணைந்து சென்னையில் நேரடியாகக் கொள்முதல் செய்யக் கப்பலில் இடஒதுக்கீடும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். கடைத் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்து, வார விடுமுறையையும் இருக்கையையும் உறுதிசெய்ய வேண்டும்.

நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவை: அடக்க விலைக்குக் கீழான தொடர் விற்பனையைத் தடுக்க மேலாதிக்க நிலை என்ற முன்நிபந்தனை நீக்கப்பட வேண்டும். பெருங்கடைக்கு ஒரு விலை, சிறு கடைக்கு வேறு விலை என்று உற்பத்தியாளர் பாகுபாடு காட்டுவதைக் கட்டுப்படுத்த, முதலாளித்துவ அமெரிக்காவே 1936இல் ராபின்சன்–பேட்மன் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டத்தைக் கேட்பதற்குச் சோசலிசம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிளைகளின் உடனடி வேலை எளியது. அடுத்த மூன்று மாதங்களுக்கு, ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் பத்துப் பொருள்களின் விலையை வாரந்தோறும் குறித்து வரட்டும். தலைநகரிலும் ஹட்பேயிலும் கமோர்த்தாவிலும் ஒரே நாளில் குறித்த பட்டியல் கையில் இருந்தால், நிர்வாகத்தின் முன் நம் குரலுக்கு எடை கூடும். கடைத் தொழிலாளர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்ற கணக்கையும் அதே ஏட்டில் சேருங்கள். அந்த ஏடுகளோடு அடுத்த வகுப்பில் கூடுவோம்.